கண்ணுக்குக் கொடுத்த மருந்து

மார்ச் 3, செவ்வாய்

இடது கண்ணில் இன்றும் அதே மங்கல். கண்ணை உருட்டினால் உள்ளே யாரோ நரம்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி வலி. அறிவிப்பு அறையில் திரையைச் சரியாகப் படிக்க முடியாமல், நாலாம் நடைமேடைக்கு வரும் வண்டியை ஒன்பதாம் நடைமேடை என்று வாசித்துவிட்டேன். ஒரு கூட்டமே பெட்டி படுக்கையோடு படியேறி ஓடியது. மேலாளர் கண்ணாடிக் கதவைத் தட்டி, "என்னம்மா, ஜனங்களுக்கு உடற்பயிற்சியா?" என்றார். சிரித்து வைத்தேன்.

அவர் போனதும் வலது கண்ணை மூடிக்கொண்டு சிக்னலைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு, துவைத்துத் துவைத்து வெளுத்த துணி மாதிரி இருந்தது.

மார்ச் 4

கண்ணுக்குப் பின்னால் மூளைக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறதாம். "தள்ளிப் போடாதீங்க. இன்னைக்கே சேர்ந்துடுங்க" என்றார் கண் மருத்துவர். ஸ்டீராய்டு. முதலில் ஊசி, பிறகு மாத்திரை, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். "நீங்களா நிறுத்திடக் கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பசி கூடும், தூக்கம் குறையும், மனசு கொஞ்சம் அலைபாயும், ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா உடனே சொல்லுங்க என்றும் சொன்னார். அலைபாயாத மனசு யாருக்கு இருக்கிறது?

என்னவர் என் கையை விடவேயில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிற கை. எவ்வளவு கழுவினாலும் கிரீஸ் வாசனை போகாது. அந்த வாசனைதான் இன்றைக்குத் துணை.

மார்ச் 9

வீடு வந்தாயிற்று. மகள் வண்ணப்பெட்டியோடு வந்து உட்கார்ந்து எனக்குப் பரீட்சை வைத்தாள். எட்டு வயதிலும் குருவி மாதிரி தத்தித் தத்தித்தான் நடக்கிறாள், அதனால் எங்களுக்கு அவள் சிட்டு. "இது என்ன கலர்மா?" சிவப்பு. "இது?" அதுவும் சிவப்பு. "இல்ல, இது ஆரஞ்சு. நீ ஃபெயில்." ஃபெயில்தான். ஆனால் சிவப்பு சிவப்பாகத் தெரிகிறது! கட்டிப்பிடித்து அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 12

தூக்கமே வரவில்லை, அசதியும் இல்லை. விடிவதற்குள் அலமாரி எல்லாவற்றையும் ஒழித்து அடுக்கிவிட்டேன். வேலைக்குத் திரும்பினேன். எத்தனை வருடமாக அரைத் தூக்கத்தில் வாழ்ந்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. மேலாளர், "யாரும்மா துரத்துறாங்க? ஒரு வார்த்தையும் புரியல, அவ்வளவு வேகம்" என்றார். அவருக்குத்தான் காது மெதுவாகக் கேட்கிறது.

மார்ச் 15

என்னவர் போட்டுக் கொடுத்த டீ கசக்கிறது.

மார்ச் 17

இன்றும் கசந்தது. அவரிடமே சொன்னேன். என் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"மாத்திரை போட்டியா?" தினமும் ஏன் கேட்கிறார்? அவருடைய அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்ததும், "சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். நான் என்ன முட்டாளா? அண்ணிக்கு என்னை ஆரம்பத்திலிருந்தே ஆகாது. இல்லை, ஆகும்தான். பிரசவத்துக்கு அவர்தானே வந்து கூட இருந்தார். அதுவும் ஏன் வந்தார்?

மார்ச் 19

அவர் குளிக்கும்போது கருவிப் பையைத் திறந்து பார்த்தேன். டீயில் கலக்கிற மாதிரி எதுவும் இல்லை. நான் பார்ப்பேன் என்று தெரிந்து முன்னாடியே எடுத்துவிட்டிருக்கிறார்.

மார்ச் 20, வெள்ளி

இதை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே மட்டும்.

மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்காதீர்கள், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் எப்போதோ பேசிப் பதிவு செய்தது நிலையத்தில் நாள் முழுக்க ஓடும். என் குரல்தான். இன்று மதியம் அதே குரல், அதே நிதானத்தில், "உங்கள் குழந்தை பாதுகாப்பான கையில் இல்லை" என்றது.

நான் அப்படிப் பேசவேயில்லை. நடைமேடையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். எனக்காக மட்டும் சொல்லப்பட்டது. என் குரலைவிட வேறு யாரை நம்புவேன்?

மார்ச் 23, திங்கள்

சிட்டுவைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்துவிட்டேன். பல் டாக்டர்னு சொன்னேன் விட்டுட்டாங்க. பஸ். எங்க போறதுன்னு தெரியல. பின்னாடி உக்காந்திருக்கற ஆளு நாங்க ஏறினப்பவே ஏறினான். எழுத்து கோணுது. எனக்கு ஏதாவது ஆனா இவள யாரு

மார்ச் 31

மருத்துவமனை. கண்ணுக்கான வார்டு இல்லை, மனநல வார்டு. இன்றுதான் பேனா கேட்டு வாங்கினேன். மேலே எழுதியிருப்பதைப் படித்தேன். என் கையெழுத்துதான். நடந்ததை எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் அது உள்ளேயே கிடந்து குடையும்.

பஸ் கடைசி நிறுத்தத்தில் எங்களை இறக்கிவிட்டது. பணிமனை வாசல், ஒரு கூரை, நீள பெஞ்சுகள். வெயில். சிட்டு தண்ணீர் கேட்டாள். அவள் பாட்டிலைக் காலையில் நிரப்பியது அவர். பிடுங்கித் தரையில் கவிழ்த்தேன். குழந்தை தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் கடை இருந்தது. அந்தக் கடைக்காரர் மேலும் எனக்குச் சந்தேகம்.

காலி பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டு, "அம்மா, நான் ஒண்ணு கேட்டா அடிக்க மாட்டியே?" என்றாள்.

அவளை நான் அடித்ததே இல்லை. ஒரு முறைகூட.

"கேளு."

"அப்பாவுக்குப் போன் பண்ணலாமா? நீயும் பேசலாம். நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். பயந்துபோன முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே முகம் அவளுக்கும் வந்திருந்தது. அவள் பயந்தது பின்சீட்டு ஆளைப் பார்த்து இல்லை. அவள் அப்பாவைப் பார்த்தும் இல்லை.

என் பயம் அந்த நொடியில் போய்விட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. போகவில்லை. அவர் வந்து எங்களை ஏதோ செய்யப்போகிறார் என்றுதான் நம்பினேன். நம்பிக்கொண்டேதான் போனை அவள் கையில் கொடுத்தேன்.

வந்தார். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "நீ சொல்ற வரைக்கும் கிட்ட வரமாட்டேன்" என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார். பிறகு, "என்ன நம்ப வேண்டாம். கண் டாக்டர நம்புறியா? அவருகிட்ட மட்டும் போலாமா?"

கண் மருத்துவரை நம்பினேன். ஏனோ அவர் ஒருவர் மட்டும் என் பட்டியலில் விட்டுப்போயிருந்தார்.

ஏப்ரல் 2

இங்கே இருக்கும் மருத்துவர் ஒரு பெண்மணி. பேசும்போது பேனா மூடியைக் கடிக்கிற பழக்கம். எனக்குப் பைத்தியமா என்று கேட்டுவிட்டேன். எத்தனை நாள்தான் சுற்றி வளைப்பது?

"இல்லம்மா. இது மருந்தோட வேலை. ஆபத்துன்னா நம்ம உடம்பே ஒண்ணு சுரக்கும், ஓடு, முழிச்சிரு, உஷாரா இருன்னு. நீங்க சாப்பிட்ட மருந்து அதோட கூடப்பிறந்தது மாதிரி. நரம்பு வீக்கத்த மட்டும் குறைச்சிட்டுச் சும்மா இருக்காது. மூளைக்கும் போவுது. நாள் முழுக்க, புலி வருது புலி வருதுன்னு சேதி போயிட்டே இருந்தா மூளை என்ன பண்ணும்? புலி எங்கேன்னு தேடும். கிடைக்கலேன்னா பக்கத்துல இருக்கறவங்கள புலியாக்கிடும்."

"டீ கசந்ததே?"

"வாய்க் கசப்பு இந்த மாத்திரைக்கு உண்டு. அது நிஜமாவே கசந்திருக்கும். யாரு கலந்தாங்கங்கறதுதான் மூளை கட்டின கதை."

எல்லாருக்கும் இப்படி ஆகாதாம். சிலருக்கு ஆகுமாம். அந்தச் சிலரில் நான். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் கண்ணும் போகும், உடம்பும் தாங்காது. அதனால் படிப்படியாகக் குறைத்து, நரம்புக்கு வேறு மருந்து ஆரம்பித்து, மூளை அடங்க இன்னொரு மாத்திரை. ஒரு மருந்து கிளப்பியதை இன்னொரு மருந்து அமர்த்துகிறது. நடுவில் நான் எங்கே இருக்கிறேன்?

ஏப்ரல் 8

இந்தப் பயம் வேறு மாதிரி. முன்பு வெளியே இருப்பவர்களைப் பார்த்துப் பயந்தேன். இப்போது என் யோசனைகளைப் பார்த்தே பயம். செவிலி சிரித்தால், ஏன் சிரித்தாள்? இது நான் கேட்பதா, மருந்து கேட்பதா? சாம்பாரில் உப்பு இல்லை என்று தோன்றினால்கூட வெளியே சொல்லத் துணிச்சல் இல்லை. பக்கத்துக் கட்டில் அம்மா, "சாம்பாரா இது? வெந்நீர்ல மஞ்சப்பொடி" என்று கத்தியதும்தான் மூச்சு வந்தது.

ஏப்ரல் 10

அண்ணி பார்க்க வந்தார். மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். "சும்மா இரு. நீ என்னப் பத்தி என்னென்ன நினைச்சியோ, அதுல பாதிய நானே உன்னப் பத்தி நினைச்சிருக்கேன். எனக்கு மாத்திரைகூடத் தேவைப்படல" என்றார். இங்கே வந்து இன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஏப்ரல் 18

வீடு. சிட்டு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்திருப்பாள், சொல் பேச்சு கேட்கிற குழந்தை. அதனால்தான் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 22

இடது கண்ணில் ஓரம் கொஞ்சம் புகை மாதிரி நிற்கிறது. இனி இவ்வளவுதான் இருக்கும் என்றார் கண் மருத்துவர். சரி.

சாயங்காலம் சிட்டு தலை வாரிவிடச் சொல்லி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியாது.

ஏப்ரல் 28

மறுபடி ஆரம்பித்துவிட்டதா? கடவுளே.

மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் பாதியில் எழுந்து மாடிப்படிக்குப் போய்ப் போன் பேசினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு. நேற்றும் இதே மாதிரி. முந்தாநாள் விடுமுறை, அன்று மட்டும் மாடிப்படிக்குப் போகவில்லை. என்னிடம் எதையோ மறைக்கிறார்.

இப்படித்தானே அன்றைக்கும் தொடங்கியது? மாத்திரை குறைந்திருக்கிறது, தூங்குகிறேன், வாய் கசக்கவில்லை. அப்படியும் இந்த எண்ணம். அந்தப் பெண் மருத்துவர் சொல்லியிருக்கிறார்: மனசுக்குள்ள வச்சு வளர்க்காதீங்க, முகத்துக்கு நேரா கேட்டுடுங்க. கேட்டு, அவர் மறுபடி அந்தப் பார்வை பார்த்தால்?

ஏப்ரல் 29

கேட்டுவிட்டேன். மதியம் சோறு போட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல். "எனக்கு இது வியாதியா நிஜமான்னு தெரியல. நீங்க யாருக்கோ ஒளிஞ்சு ஒளிஞ்சு போன் பண்றீங்கன்னு தோணுது. இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. டாக்டர்கிட்ட போயிடறேன்."

நிமிர்ந்தேன். அவருக்கு முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஸ்கூலுக்கு" என்றார். "பாப்பா கிளாஸ்ல இருக்காளான்னு கேக்கறேன். தினமும். நீ வீட்லதான் இருக்க, எனக்குத் தெரியும். ஆனாலும் கேக்காம வேலை ஓட மாட்டேங்குது."

வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. அப்படியென்றால் நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன். இல்லாததை இருப்பதாகக் காட்டவில்லை என் மூளை. உட்கார்ந்துவிட்டேன், கையில் கரண்டியோடு.

"தப்புதான். இனிமே பண்ணல" என்றார்.

"பண்ணுங்க" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் பண்ணுங்க. ஆனா மாடிப்படிக்குப் போகாதீங்க. இங்கயே உக்காந்து பண்ணுங்க."

போனை எடுத்தார். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. பள்ளி எழுத்தர் எடுத்து, "இருக்கா சார், கிளாஸ்லதான் இருக்கா" என்றார், நாங்கள் யாரென்று கேட்காமலே.

இரண்டு பேரும் கேட்டோம்.