ஒரு கையால் கழற்றுகிற கொக்கி

ஜூன் 4

அன்புள்ள சித்திக்கு,

அப்பா இறந்து எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். பாப்பா பிறந்ததைக்கூட இவர்தான் உங்களுக்குப் போனில் சொன்னார். திட்ட வேண்டியதைப் பதிலில் திட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது ஓர் உதவி. பால் கொடுக்க வசதியாகத் திறக்கும் பிரா என் அளவில் எந்தக் கடையிலும் இல்லை. "உங்க சைஸுக்கு ஆர்டர்தான் போடணும்க்கா, ஒரு மாசமாகும்" என்கிறாள் கடைப் பெண். பத்து நாளில் எக்ஸ்ரே அறைக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். பாப்பா ஆஸ்பத்திரியின் குழந்தைகள் அறையில் இருப்பாள். நடுநடுவே ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். சாதாரண பிரா ஒன்றை நானே வெட்டிப் பார்த்தேன். தோள்பட்டை நாடா முதுகுப் பக்கம் ஓடிவிட்டது. மீதி மூன்றை அனுப்பியிருக்கிறேன், முன்பக்கம் திறக்கும்படி மாற்றித் தைத்துத் தாருங்கள்.

அப்பா உங்களைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து நீங்கள் தைத்த ஒரு சீருடைகூடப் பிரிந்ததில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

சிட்டு

ஜூன் 8

அன்புள்ள சிட்டுவுக்கு,

பார்சல் ஓரம் கிழிந்து வந்தது. தபால்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கொடுத்தார். இதையெல்லாம் இரண்டு காகிதம் சுற்றி அனுப்ப வேண்டும். நான் தையல் படித்த கான்வென்ட்டில், நீ எழுதியிருக்கிற அந்தச் சொல்லையே நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை, உள்ளுடுப்பு என்போம்.

கப்பிலிருந்து நாடாவை வெட்டியதும் அதற்குப் பிடிமானம் போய்விட்டது. நீ செய்த தவறு அதுதான். நாடாவின் நுனியிலிருந்து அக்குள் ஓரமாக அடிப்பட்டை வரை பருத்திப் பட்டி ஒன்றை இறக்கித் தைத்திருக்கிறேன். கப் கீழே இறங்கினாலும் நாடா நகராது. கம்பிகளை உருவிவிட்டேன், அவை அழுத்தினால் பால் கட்டிக்கொள்ளும். வேலை நேரத்தில் தானாகக் கழன்று மானம் போகக் கூடாது என்று பக்கத்துக்கு இரண்டு கொக்கி வைத்திருக்கிறேன். தையலின் பின்பக்கத்தையும் பார். எங்கள் கான்வென்ட் சிஸ்டர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

திட்ட ஒன்றுமில்லை. அழைத்திருந்தால் வந்திருப்பேன்.

சித்தி

ஜூன் 15

அன்புள்ள சித்திக்கு,

பின்பக்கம் முன்பக்கத்தைவிட அழகு. ஆனால் திறக்க முடியவில்லை. இடது கையில் பாப்பா. மிச்சம் ஒரு கைதான். உங்கள் கொக்கிகளுக்கு இரண்டு கை வேண்டும். வேலைக்குப் போன முதல் நாளே அவள் கத்த, நான் கொக்கியைத் தடவ, சட்டையெல்லாம் பால். பக்கத்திலிருந்த நர்ஸ், "என்னக்கா இது, லாக்கரா? சாவி யார்கிட்ட?" என்றாள். கடைசியில் அவள்தான் கழற்றிவிட்டாள்.

"யாரு தைச்சதுக்கா இது?"

"எங்க சித்தி."

"அவங்களுக்குப் பிள்ளைங்க இல்லியா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. உங்களிடம் மறைக்கவும் தோன்றவில்லை.

சிட்டு

ஜூன் 19

அன்புள்ள சிட்டுவுக்கு,

என் பழைய உள்ளுடுப்பு ஒன்றில் அதே கொக்கிகளைத் தைத்துப் போட்டுக்கொண்டு, ஐந்து கிலோ மாவுப் பையை இடது கையில் அணைத்தபடி கழற்றிப் பார்த்தேன். முடியவில்லை. பை நழுவி விழுந்து கூடமெல்லாம் மாவு. பெருக்கவும் தோன்றாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நர்ஸிடம் நீ சொன்னதில் பொய் இல்லை. கல்யாணமான மறுவருஷம் உன் அப்பா, "நமக்குன்னு ஒண்ணு வேண்டாமா?" என்று கேட்டார். "முதல்ல சிட்டு என்கிட்ட ஒட்டட்டும்" என்றேன். நீ ஒட்டவில்லை. நான் காத்திருந்தேன். பிறகு வயது போய்விட்டது. இதைத் தியாகம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் போட்ட கணக்குத் தப்பிவிட்டது, அவ்வளவுதான்.

பெரிய ஒற்றைக் கொக்கி, கட்டைவிரலால் தள்ளினால் கழலும்படி வைக்கலாம். மூன்றையும் திருப்பி அனுப்பு.

சித்தி

ஜூன் 24

அன்புள்ள சித்திக்கு,

அனுப்ப மாட்டேன். தினமும் போட எனக்கு வேறு இல்லை. நீங்களே வந்து, பாப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கழற்றிப் பாருங்கள். மாவுப் பை கால் உதைக்காது.

உங்களிடம் ஒட்டிக்கொண்டால் அம்மாவின் முகம் மறந்துபோகும் என்று அப்போது எனக்குப் பயம். படுக்கப் போகுமுன் ஒருதரம் அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்துக்கொள்வேன். இது உங்களுக்குத் தெரியும் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

இது அழைப்புதான், சித்தி. வாருங்கள்.

சிட்டு

ஜூன் 28

அன்புள்ள சிட்டுவுக்கு,

எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருப்பேனா என்பதும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ரயில் வந்து சேரும். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். உன் வீட்டு முகவரி எனக்குப் படிக்கத் தெரியும். திரும்புவதற்கு டிக்கெட் எடுக்கவில்லை. தையல் மெஷினைத் தனியாக லாரி பார்சலில் போட்டிருக்கிறேன். மூன்று உள்ளுடுப்புக்கு மெஷின் எதற்கு என்று மாப்பிள்ளை கேட்பார். நீயே ஏதாவது பதில் சொல்லிவிடு. நான் சொன்னால் சரியாக வராது.

சித்தி