அப்பா கொண்டுபோன மால்ட்

12 அக்டோபர்
எனக்கும் ஹோரியாவுக்கும் நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு வாரமாகிறது. விருந்துக்கு அவன் வீட்டிலேயே காய்ச்சிய பீரைப் பற்றியே அப்பா இன்னும் பேசுகிறார். "எங்க ஆலை மால்ட்டுல மாப்ள என்னமா காய்ச்சியிருக்கான் பாத்தியா!" ஆலையில் இந்த மால்ட்டை, முளைகட்டி உலர்த்திய பார்லியை, மூட்டை கட்டியே பாதி ஆயுள் போனவர். மேஸ்திரியிடம் கெஞ்சி, நல்ல மூட்டையாகப் பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தார். ஜனவரி 31 கல்யாணத்துக்கும் ஹோரியாதான் காய்ச்சப் போகிறான்.

19 அக்டோபர்
ஹோரியா வீட்டுக் கொல்லையில் அவன் அம்மா பன்றிக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். தொட்டி நிறைய மால்ட். பக்கத்தில் எங்கள் ஆலை முத்திரையோடு சாக்கு. பன்றி மூக்கு முங்கத் தின்கிறது, வாயோரம் நுரை.

"அப்போ அந்த பீர்?" ஹோரியாவிடம் கேட்டேன்.

"ஜெர்மன் மால்ட் லவினியா. உங்கப்பா குடுத்தது ஒரே தூசி. அதுல காய்ச்சினா வேகவெச்ச முட்டைக்கோஸ் வாடை வரும்."

"அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"கெழவன் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும். உனக்கு என்ன போச்சு?"

சிரித்தான். எனக்கு அருவருத்தது. பன்றியைப் பார்த்து அல்ல.

20 அக்டோபர்
அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

8 நவம்பர்
கல்யாண பீருக்கு இரண்டாவது மூட்டை. அப்பாவே முதுகில் சுமந்துபோய் இறக்கினார். ஹோரியா அவரைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். "இந்த மால்ட் இல்லாட்டி எனக்குக் கையே ஓடாது மாமா!" அவர் திரும்பியதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

சீ!

ஜெர்மன் மால்ட் ஒசத்தியாகவே இருக்கட்டும். யார் இல்லை என்றது? எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக நான் கல்லூரி வாசலை மிதித்தது இந்தத் தூசி தந்த கூலியால்தான். இவனோடு ஆயுசு முழுக்க நானும் கண்ணடிக்க வேண்டுமா?

30 நவம்பர்
இன்று எனக்கும் முத்தம். சோப்புப் போட்டுக் கழுவியும் கன்னம் பிசுபிசுக்கிறது.

20 டிசம்பர்
கிறிஸ்துமஸுக்காக ஹோரியா வீட்டில் பன்றி வெட்டு. அப்பாவையும் கூப்பிட்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து வைக்கோலைக் கொளுத்தித் தோலைப் பொசுக்கி, அறுத்து, குடல் கழுவி எல்லாவற்றுக்கும் நின்றார். பிறகு வெட்டியவர்களுக்கு விருந்து. சட்டியில் வறுத்த கறி, சோளக் களி, ப்ளம் சாராயம். அப்பா கொழுப்பைக் கத்தியால் தொட்டுக் காட்டினார்.

"நாலு விரல் கனம்! அப்படி என்னதான் போட்டு வளத்தீங்க மாப்ள?"

"அது எங்க வீட்டு ரகசியம் மாமா." ஹோரியா என்னைப் பார்த்தபடியே சொன்னான். உதடு துடித்தது, சிரிப்பை அடக்கி.

நான்கு பேர் இருந்தாலே நான் பேச மாட்டேன். எப்படி வாய் வந்ததோ.

"உங்க மால்ட்தான்பா. ரெண்டு மூட்டையும். நீங்க குடிச்ச பீர் ஜெர்மன் மால்ட்ல காய்ச்சினது."

அப்பா வாயில் இருந்ததைத் துப்பவில்லை. மென்றார், மென்றுகொண்டே இருந்தார், விழுங்கினார். கத்தியைத் துடைத்து மடக்கிப் பையில் போட்டார்.

"கெளம்பலாமா கண்ணு?"

"தமாஷு மாமா! பன்னித் தீனிக்குப் போயா கோவிச்சுக்குவீங்க?" ஹோரியா வாசல்வரை வந்தான். மோதிரத்தைக் கழற்றி அவன் அம்மாவிடம் நீட்டினேன். அவள் கையெல்லாம் கொழுப்பு. வழுக்கி விழுந்தது. நான் குனியவில்லை.

31 ஜனவரி
பண்டிகை முடிந்ததும் நானே இரண்டு சின்னப் பானை பீர் காய்ச்சிப் புட்டியில் அடைத்திருந்தேன். ஒன்று ஆலை மால்ட், ஒன்று ஜெர்மன். இன்று திறந்தேன். எது எது என்பதையும், ஹோரியா சொன்ன முட்டைக்கோஸ் வாடையையும் சொல்லியே ஊற்றினேன்.

ஆலையினுடையதைக் குடித்ததும் அப்பாவின் மூக்கு சுளித்தது. "முட்டைக்கோஸேதான். ச்சே."

ஜெர்மன் கிளாஸ் ஒரே மூச்சில் காலி. மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இது நல்லாத்தான் இருக்கு. என்கிட்ட சொல்லியிருந்தா இதுலயே ரெண்டு மூட்டை வாங்கி, நானே தூக்கிட்டுப் போயிருப்பேனே."