மெல்லிய மேகத்தைப் பற்றி அவர் கேட்டாரா?

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கும் ஒரு குறைவும் இருக்காது என்று நம்புகிறோம். அப்பா வாராவாரம் இப்படித்தான் ஆரம்பிப்பார், அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன், அந்தப் பழக்கத்தில் கை தானாகவே எழுதிவிட்டது. ஆனால் இந்தக் கடிதம் அப்பா சொன்னது இல்லை. அப்பாவும் அம்மாவும் மாடியில் தூங்குகிறார்கள். நான் கீழே கடையில், ஷட்டர் இறங்கியபடி இருக்க, விளக்கே போடாமல் கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா எழுந்தால் மூட்டு வலியோடு படியிறங்குகிற சத்தம் முதலில் கேட்கும், அதற்குள் அணைத்துவிடலாம் என்ற தைரியம்தான். அங்கே இப்போது பகல், உடனே பார்ப்பாய் என்று நினைக்கிறேன். பார்த்ததும் பதில் போட்டுவிடாதே, காலையில் கடை திறந்ததும் அப்பா முதலில் பார்ப்பது கடை மெயிலைத்தான். படித்துவிட்டு அழித்துவிடு, நானும் அழித்துவிடுவேன்.

வீட்டில் விசேஷம் என்று பார்த்தால், பெரிய ஜெராக்ஸ் மெஷின் மறுபடி தாளைக் கடிக்கிறது, மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு இதற்கு வயதாகிவிட்டது என்று டாக்டர் மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பரவாயில்லை, ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்து போக ஆரம்பித்ததிலிருந்து உட்காருவதே இல்லை, ஜன்னல் திரைகளை எல்லாம் மாற்றியாகிவிட்டது, இப்போது என் ஸ்கூல் பையும் பழசாகத் தெரிகிறதாம். நீ வேளைக்குச் சாப்பிடு, கண் விழித்து வேலை பார்க்காதே. நான் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி சொல்ல வேண்டாததற்கு வருகிறேன்.

உன்னைப் பெண் கேட்டு வந்தாரே மாப்பிள்ளையின் சித்தப்பா, அவருக்கு நான் கண்ணாடி மாமா என்று பெயர் வைத்திருக்கிறேன், ஏனென்றால் முக்கியமாக எதையாவது கேட்டுக்கொள்ளும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் யாரோ சொல்லி, பெண் கேட்டுத்தான் முதல் முதலாக நம் வீட்டுக்கு வந்ததாக அப்பா உன்னிடம் சொல்லியிருக்கிறார். அது அப்படி இல்லை அக்கா. அதற்கு முன்பே அவர் நகல் எடுக்கக் கடைக்கு வந்தார். கல்லாவுக்கு மேலே உன் படத்தோடு வந்த பத்திரிகைத் துண்டை அப்பா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் அல்லவா, அதை நின்று கடைசி வரி வரைக்கும் படித்தார். "யாரு சார், உங்க பொண்ணா?" என்று கேட்டதும் அப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. "ஆமா சார், மூத்தவ. உலகத்தையே கம்ப்யூட்டருக்குள்ள போட்டு சூடு பண்ணிப் பாக்குறா" என்றார். உள்ளேயிருந்து அம்மா, "ஒரு டம்ளர் பாலைச் சூடு பண்ணச் சொன்னா பொங்க விட்டுருவா" என்றாள். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார், கண்ணாடியைத் துடைத்தார்.

அன்று அவருடைய தாள்களை மெஷினில் வைத்தது நான். அப்பாவின் சட்டம் உனக்குத் தெரியும், நகல் எடுக்கிறவர் தாளின் ஓரம் நேராக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும், எழுத்தைப் பார்க்கவே கூடாது, ஊரே நம்மை நம்பித்தான் ரகசியத்தை எல்லாம் நம் கையில் கொடுக்கிறது என்பார். ஆனால் ஒரு தாள் உள்ளே சிக்கிக்கொண்டது, மூடியைத் திறந்து இழுக்க வேண்டியதாயிற்று, கண்ணில் பட்டுவிட்டது, பட்டதும் நிறுத்தாமல் படித்துவிட்டேன். கடலோரத்து வீடுகளுக்கும் கிடங்குகளுக்கும் இன்சூரன்ஸ் கொடுக்கிற ஒரு கம்பெனியின் தாள் அது. எந்தக் கரைக்கு இனிமேல் கொடுக்கலாம், எதற்கு நிறுத்தலாம் என்று ஏதோ எழுதியிருந்தது, கீழே அவர் பெயரும் பதவியும் கையெழுத்தும். அப்பாவிடம் அவர் சொல்லியிருப்பது என்ன தெரியுமா, "நான் ரிட்டயர்டு ஆளுங்க, பொழுதே போக மாட்டேங்குது" என்று. அதன் பிறகு கொஞ்ச நாளிலேயே பழத்தட்டோடு வந்து நின்றார். தெய்வமாகப் பார்த்து அனுப்பியது என்று அம்மா சொன்னாள், எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது.

பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன கேட்பார்கள், உயரம் கேட்பார்கள், சமைப்பாளா என்பார்கள், கோபம் வருமா என்பார்கள். இவர் கேட்டது, "அவங்க புது மாடல்ல எத்தனை டிகிரி வருது?" என்று. காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி கடைசியில் எவ்வளவு சூடேறி நிற்கும் என்கிற உன்னுடைய அந்த எண்ணைத்தான். அப்பா பெருமையாக, "முன்னாடி மூணுன்னு சொல்லிட்டு இருந்தா, இப்ப அஞ்சைத் தாண்டிருச்சாம்" என்று போட்டு உடைத்துவிட்டார். அது இன்னும் சரிபார்க்காத எண், ஒரே ஒரு மேகக் கணக்கின் பிழையாகக்கூட இருக்கலாம், வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீ எவ்வளவு சொன்னாய். நான் அப்பாவிடம் ஞாபகப்படுத்தினேன், "சம்பந்தி வெளியாளாடி?" என்று என்னையே கேட்டார்.

எண்ணோடு நிற்கவில்லை அவர். ஒவ்வொரு தடவையும், "எதனால ஏறுச்சு, எந்த மேகத்தால?" என்பார். அப்பாவுக்குத் தெரியவில்லை என்றதும் போன வாரம் என் பக்கம் திரும்பி, "வாண்டுக்குத் தெரியாம இருக்குமா" என்றார். எனக்குத் தெரியும். போன லீவில் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நீ சொன்னது எதையும் நான் மறக்கவில்லை. கம்ப்யூட்டர் உலகத்தைக் கட்டம் கட்டமாக வெட்டுகிறது, ஒரு கட்டம் நம் ஊரையே விழுங்கிவிடும், பஸ் ஸ்டாண்டுக்கு மேல் மட்டும் ஒரு மேகம் நின்றால் அதற்குத் தெரியாது, அதனால் கட்டத்தில் எவ்வளவு மேகம் என்று நீங்களே ஒரு விதி எழுதிக் கொடுக்கிறீர்கள், அந்த விதி அதை எழுதுகிற குழுவுக்குக் குழு மாறுவதால்தான் ஒருவருக்கு மூன்றும் இன்னொருவருக்கு ஐந்தும் வருகிறது. கடல் மேல் தாழ்வாக நிற்கிற தடித்த மேகம் வெள்ளைக் குடை மாதிரி, வெயிலைத் திருப்பி அனுப்பும். கடல் சூடானால் குடை கிழிகிறது, கறுத்த தண்ணீர் இன்னும் வெயிலைக் குடிக்கிறது, இன்னும் சூடாகிறது, இன்னும் கிழிகிறது. உயரத்தில் இருக்கிற மெல்லிய மேகம் போர்வை மாதிரி, சூட்டை வெளியே விடாது. உன் புது மாடலில் எண்ணை ஏற்றியது குடைதான் என்று நீ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

அது அவர் கைக்குப் போகக் கூடாது என்றும், அவர் என்ன செய்கிறார் பார்க்கலாம் என்றும்தான் பொய் சொன்னேன். "மேல இருக்கிற மெல்லிய மேகம் கலைஞ்சு போகுதாம் மாமா, அதனாலதான் இவ்வளவு சூடு" என்றேன். போர்வையை உருவினால் யாருக்காவது வேர்க்குமா? விஷயம் தெரிந்த ஆள் என்றால் அங்கேயே சிரித்திருப்பார். இவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "அப்படியா, மெல்லிய மேகமா" என்று சொல்லி, மேஜைக்குக் கீழே போனை வைத்து எழுதிக்கொண்டார். "பாத்தீங்களா, சின்னவளும் கெட்டிக்காரி" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு படுத்தபோதுதான் பயம் பிடித்தது. உன்னோடு போனில் பேசுகிற மாப்பிள்ளையைப் பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் சொன்னாயே, "அவர் என் வேலையைப் பத்திக் கேக்குறாரும்மா, நான் எவ்வளவு பேசினாலும் கேக்குறாரு" என்று, சொல்லிவிட்டுச் சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. இந்த வீட்டில் நீ மேகம் என்று ஆரம்பித்தால் அப்பா பேப்பரைப் பிரிப்பார், அம்மா சாப்பிட்டாயா என்பாள். கேட்க ஒரு ஆள் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அக்கா, இந்த வாரம் மாப்பிள்ளை உன்னிடம் மெல்லிய மேகத்தைப் பற்றிக் கேட்டாரா? அது கலைவதால்தானே சூடு ஏறுகிறது என்று ஏதாவது சொன்னாரா? நன்றாக யோசித்துப் பார். அதை நான் கண்ணாடி மாமா ஒருவரிடம்தான் சொன்னேன். நீ சொல்லியிருக்கவே மாட்டாய், ஏனென்றால் அது தப்பு. மாப்பிள்ளை வாயில் அது வந்திருந்தால், இந்தக் கடையிலிருந்துதான் போயிருக்கிறது.

வந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்றும் எனக்குத் தெரியும். தப்பை அப்படியே விட உன்னால் முடியாது, ஹோட்டல் பலகையில் பிழை இருந்தால்கூட முதலாளியைக் கூப்பிட்டுச் சொல்கிற ஆள் நீ. "ஐயோ, மேல இல்லைங்க, கீழ இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே எந்த விதி, எவ்வளவு ஏற்றியது, எங்கே சந்தேகம் என்று எல்லாவற்றையும் விளக்கியிருப்பாய். அவர்களுக்கு வேண்டியது அதுதானே. சூடு ஏறினால் கடலும் ஏறும் என்று, சரிபார்க்காத கணக்கை வைத்துக்கொண்டு அந்த இன்சூரன்ஸ் கம்பெனி கரையில் இருக்கிறவர்களைக் கைவிட்டால், எங்கிருந்து கசிந்தது என்று உன்னிடம்தான் வந்து கேட்பார்கள், உன் வேலையே போகும். கண்ணாடி மாமாவுக்கு வைத்த பொறியில் உன்னை மாட்டிவிட்டேனோ என்றுதான் தூக்கம் வரவில்லை. ஒருவேளை மாப்பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். போட்டோவைப் பார்த்தால் காது இரண்டும் விடைத்துக்கொண்டு அப்பாவியாகத்தான் இருக்கிறார். ஆனால் கண்ணாடி மாமாவும்தான் பார்க்க ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், "பரீட்சைக்குப் படிடின்னா போலீஸ் வேலை பாக்குறியா? அக்கா வாழ்க்கையில குறுக்க வராத" என்றாள். அப்பாவிடம் சொன்னால் முதல் கேள்வி, தாளைப் படித்தாயா என்பதுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை காதில் ஏறாது.

நாளை சாயங்காலம் உனக்கு நாங்கள் போன் செய்யும்போது கண்ணாடி மாமாவும் வருகிறார், மருமகள் குரலைக் கேட்க வேண்டுமாம், ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறார். "பேச்சோட பேச்சா எந்த மேகம்னு கேட்டு வைங்க" என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தும் ஆகிவிட்டது, அப்பா குளிக்கும்போது அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். அதனால் ஒன்று செய். மாப்பிள்ளை உன்னிடம் மெல்லிய மேகத்தைக் கேட்கவே இல்லை என்றால் போனை எடு, எடுத்ததும் என்னைக் கூப்பிட்டுப் பேசு, பரீட்சை, மழை, எது வேண்டுமானாலும், வேலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. கேட்டிருந்தால் எடுக்காதே, மணி அடித்து ஓயட்டும். வேலையாக இருப்பாள் என்று அப்பா சொல்லுவார், நானும் ஆமாம் என்பேன். கண்ணாடி மாமா படியிறங்கிப் போனதும், அந்தத் தாளில் என்ன படித்தேன் என்பதை அப்பாவிடம் நானே சொல்லிவிடுகிறேன், அடித்தாலும் சரி, இனி கடைக்குள் விடாவிட்டாலும் சரி. நீ அங்கே உன் மேலதிகாரியிடம், கணக்கு வெளியே போய்விட்டது என்று, அவர்களாகக் கண்டுபிடிக்கும் முன்பே சொல்லிவிடு. தனியாக உட்கார்ந்து அழாதே.

ஆசீர்வாதம் செய்கிற வயது எனக்கு இல்லை, அதனால் அப்பா எப்போதும் சொல்வதையே அவரைக் கேட்காமல் எடுத்து இங்கே வைக்கிறேன், நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடிந்து நீ நூறு வருஷம் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். மறந்துவிடாதே, பதில் போடாதே, அழித்துவிடு. நாளைக்கு மணி அடிக்கும்போது நான் போனுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். நான் நினைத்தது எல்லாம் தப்பாக இருந்து, நீ எடுத்துவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருப்பேன்.

உன் தங்கை,
வாண்டு