அஞ்சும் வரட்டும் என்றாய், அந்தோணி

என் அன்பு மாப்பிள்ளை அந்தோணிக்கு,

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. உன் கல்லறைக்கு வெள்ளையடிக்க என் தங்கை லூர்து சுண்ணாம்பு ஊற வைத்துவிட்டாள். நான் இன்னும் மெழுகுவர்த்திகூட வாங்கவில்லை. அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லித் தீர்க்க வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக இந்த வட்டாரத்துச் செய்திகளை எழுதுகிறேன். அதில் உன்னைப் பற்றி எழுதியது நாலே வரி. அந்த நாலு வரியும் தப்பு.

உன் ஜீப்பைப் பற்றித்தான். இதைப் பத்திரிகையில் படிப்பவர்களுக்கு உன்னையும் தெரியாது, உன் வண்டியையும் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

பெங்களூரில் ராணுவம் ஏலம் விட்ட பழைய ஜீப் அது. வேப்பனப்பள்ளிக்கு அப்பால், மார்க்கண்டேய நதிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்களுக்கு நீ அதை வாடகைக்கு ஓட்டினாய். மழைக்காலத்தில் ஆற்றில் இறங்கினால் வண்டியின் வயிறு கல்லில் தட்டி நின்றுவிடும். அந்தப் பக்கத்து நோயாளிகள் கட்டிலில்தான் வர வேண்டும். அதற்காகத்தான் நாலு பக்கமும் ஸ்பிரிங்குக்கு இரண்டிரண்டு பட்டை கூடுதலாகப் போட்டு வண்டியை உயர்த்தினாய். அடுத்தது பெரிய டயர் என்றாய். பெங்களூரில் அலைந்து இரண்டு கொண்டுவந்தாய். கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஏழு மாதம் சும்மா இருந்தாய்.

அந்த ஏழு மாதமும் உன் வண்டியைப் பார்த்துச் சிரிக்காதவர் கிடையாது. டீக்கடையில் வெங்கடப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஊரில் முதல் டிராக்டர் வாங்கிய கையோடு அவர் எல்லாருக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருந்த சமயம்.

"ஏமய்யா அந்தோணி, ஆறடி ஆளு கொழந்தை செருப்பு போட்ட மாதிரி நிக்குது உன் வண்டி. அந்த டயர என்னா, அடை காக்குறியா?"

"அஞ்சும் வரட்டுங்க" என்றாய்.

"நாலு சக்கரத்துக்கு அஞ்சு டயரா? கணக்கு எங்க படிச்ச?"

நீ டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாய். நானும் சிரித்தேன் மாப்பிள்ளை. தாசில்தாரிலிருந்து தலையாரி வரைக்கும் ஏன், எதற்கு என்று குடைவது என் தொழில். உன் பக்கத்தில் உட்கார்ந்து ஆயிரம் டீ குடித்திருக்கிறேன். ஏன் அஞ்சு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீயாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அதற்குமா பஞ்சம்?

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. நீ போன பிறகு மாநிலத்தின் பெயரே மாறிவிட்டது. ஆபீஸ் பலகைகளை எல்லாம் அழித்து எழுதினார்கள். ஆற்றுக்குப் பாலம் மட்டும் வரவில்லை. அதைப் பற்றி நான் எழுதாத மாதமில்லை.

வண்டியை உன் தம்பி சின்னப்பன் எடுத்தான். சின்ன டயரோடு ஆற்று மணலில் இரண்டு தடவை அச்சு வரை புதைந்தான். மழைக்கு முன்னால் ஏதாவது செய்ய வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தது. நான்தான் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினேன்.

"வேணாம்ணா" என்றாள் லூர்து. "அஞ்சும் வந்தாதான் மாட்டணும்னு சொன்னாரு."

"அஞ்சு வர்றப்ப அஞ்சையும் மாட்டிக்கலாம். இப்ப ரெண்டு இருக்கு. பின்னாடி ரெண்டயும் மாட்டட்டும். வெங்கடப்பா டிராக்டரப் பாரு, பின்னாடி பெருசு, முன்னாடி சிறுசு. அது சேத்துல போவலியா?"

இதுதான் நான் செய்தது. டிராக்டரைப் பார்த்து ஜீப்புக்கு டயர் மாட்டினேன். வெங்கடப்பா வந்து நின்று, "இப்பதான் வண்டி வண்டியா இருக்குது" என்று சான்றிதழும் கொடுத்தார். முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி, மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி நின்றது உன் ஜீப். லூர்து உள்ளே போய்விட்டாள்.

தார் ரோட்டில் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதுதான் எங்களை ஏமாற்றியது. தார் ரோட்டில் பின்சக்கரம் மட்டும்தானே தள்ளுகிறது? முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற அந்தச் சின்ன லீவரைத் தொட வேண்டிய வேலையே வரவில்லை.

ஆவணியில் ஆறு வந்தது. அந்தப் பக்கத்து ஊரிலிருந்து முனியப்பா ஆள் அனுப்பினான். அவன் பெண்சாதி கெம்பம்மாவுக்கு விடியற்காலையிலிருந்து வலி. காலை எட்டு மணிக்குச் சின்னப்பனும் நானும் புறப்பட்டோம். ஆளை ஏற்றி வர அவன் போனான். பாலம் இல்லாத கதையை எழுத நான் போனேன். தண்ணீர் முழங்காலுக்கு மேல். லீவரைப் போட்டு இறங்கினான். மணலில் வெண்ணெய் மாதிரி போயிற்று. "பாத்தீங்களாண்ணா!" என்று சின்னப்பன் கத்தினான். எனக்கும் பெருமையாக இருந்தது.

அக்கரையில் பாறைச் சரிவு. உனக்குத் தெரியுமே, நாகமரத்தை ஒட்டி ஏறும் இடம். பாதி ஏறியதும் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி நின்றது. லீவரை எடுக்கப் பார்த்தான், வரவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். "அழுத்துடா" என்று சொன்னதும் நான்தான். அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான். அடியில் ஒரு சத்தம். சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரே ஒரு சத்தம். அதன் பிறகு வண்டி அசையவில்லை.

ஆறு பேர் கெம்பம்மாவைக் கட்டிலோடு தூக்கி ஆற்றைக் கடந்தார்கள். இக்கரையில் மாட்டு வண்டி, பிறகு ஒரு மாங்காய் லாரி. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மணி மூன்று. அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை.

அன்று மாலையே செய்தி அனுப்பினேன். பாலம் வேண்டும் என்று மூன்று பத்தி. கடைசியில் நாலு வரி: வாடகை ஜீப் ஒன்று வழியில் பழுதாகி நின்றது, அது பழைய ராணுவ வண்டி, அதன் முந்தைய உரிமையாளர் விதிமுறைக்கு மாறாக அதை உயர்த்தியிருந்தார், அதுவே பழுதுக்குக் காரணம் எனத் தெரிகிறது. யாருக்குத் தெரிகிறது? ஒருவரையும் கேட்கவில்லை. ஒரு நட்டைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. செத்தவன் மறுப்பு அனுப்ப மாட்டான் என்று எனக்குள்ளே ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருக்கிறது.

பத்து நாள் கழித்து வண்டியைக் கிருஷ்ணகிரிக்கு இழுத்துவந்தோம். மெக்கானிக் பாஷா பாய் கியர் பெட்டியைத் திறந்து, உடைந்த பற்களை ஒரு தட்டில் கொட்டினார். பிறகு டயர்களைப் பார்த்தார்.

"இதை யாரு மாட்டுனது?"

"நாங்கதான் பாய்."

"அந்தோணி மாட்டியிருக்க மாட்டாரே, அதான் கேட்டேன்."

சாக்பீஸ் எடுத்து முன் டயரில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு போட்டார். ஆள் வைத்துத் தள்ளி, ஒரு சுற்று வந்ததும் அளக்கச் சொன்னார். ஏழரை அடி. பின் டயருக்கும் அதே மாதிரி. எட்டேகால் அடி. நானே அளந்தேன்.

"லீவர் போட்டா முன்னும் பின்னும் ஒரே சுத்துதான் சுத்தும் சார். ஒவ்வொரு சுத்துக்கும் பின்னாடி முக்கால் அடி கூடப் போவணும்னுது, முன்னாடி விட மாட்டேங்குது. மணல்ல வழுக்கிச் சரி பண்ணிக்கும். பாறையில எங்க வழுக்கும்? பெட்டிதான் ஒடையும். டிராக்டருக்கு முன்சக்கரம் சும்மா உருளுது. அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?"

"உயர்த்துனதால இல்லியா?"

"உயர்த்துனது தங்கமான வேலை. ஒரு பட்டைகூட அசையல பாருங்க." கொஞ்சம் பின்னால் எடுத்திருந்தால் லீவர் கழன்று வந்திருக்கும் என்றும் சொன்னார். நான் அழுத்தச் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். "ஒரு ஜீப்புக்கெல்லாம் திருத்தம் போட்டால் பேப்பர் தாங்குமா?" என்று பதில் வந்தது. இரண்டாவது தடவையும் அனுப்பினேன். அஞ்சலிப் பக்கத்துக்கென்றால் இடம் தருகிறேன் என்றார்கள். அதனால்தான் இதை உனக்குக் கடிதமாக எழுதுகிறேன்.

இதற்கிடையில் பெங்களூருக்கு நாலு தடவை போய், அதே அளவில் இன்னும் இரண்டு டயர் பிடித்தேன். பாஷா பாய் பெட்டியைச் சரிசெய்துவிட்டார். நாலும் மாட்டியாயிற்று. வண்டி நீ நினைத்த மாதிரியே நிற்கிறது. ஆனால் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் முன் டயர் ஸ்பிரிங்கில் உரசுகிறது. இதற்கு நீ என்ன யோசித்து வைத்திருந்தாய்? பாய் ஒரு போல்ட் வைத்து ஒடிப்பைக் குறைத்திருக்கிறார். வளைவில் இரண்டு தடவை எடுத்துத் திருப்ப வேண்டியிருக்கிறது.

மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னி மட்டும் இன்னும் பழைய சின்ன டயர்தான். அதை வண்டியின் பின்புறத்தில் தொங்கவிட்ட அன்றைக்குத்தான் உன் ஐந்தாவது டயர் எனக்கு விளங்கியது. ஒன்று பஞ்சராகி அந்த இடத்தில் இந்தச் சின்னது ஏறினால், மறுபடியும் அதே பாறை, அதே சத்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு குழந்தை தேவைப்பட்டிருக்கிறது.

வண்டி தயார். ஏறத்தான் ஆளில்லை. அக்கரை டீக்கடைச் சுவரில் என் செய்தியை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். போன வாரம் முனியப்பா நடந்து வந்துகொண்டிருந்தான். சின்னப்பன் நிறுத்தி, ஏறச் சொன்னான்.

"வேணாம்பா. உங்க அண்ணன் பண்ணிவெச்ச வண்டி எங்களுக்கு வேணாம். பேப்பர்லயே போட்டிருக்காங்களே" என்று நடந்துவிட்டானாம்.

லூர்து என்னிடம் சண்டை போடவில்லை. சாப்பாடு போட்டுவிட்டு, "அவர ஒரு தடவ எழுதிக் கேட்டிருந்தாக்கூட நாலு வரியில சொல்லியிருப்பாரு. உனக்குத்தான் எழுத வருமேண்ணா" என்றாள்.

வியாழக்கிழமை இந்தக் கடிதம் அச்சில் வரும். அன்று சின்னப்பனோடு ஆற்றைக் கடப்பேன். முதலில் டீக்கடை. அந்தச் சுவரில் இருப்பதைக் கிழிக்க மாட்டேன். அதன் பக்கத்தில் இதை ஒட்டுவேன், இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும். பிறகு முனியப்பா வீட்டு வாசல். வண்டியை உயர்த்தியது அந்தோணி, கெடுத்தது நான், அழுத்தச் சொன்னதும் நான் என்று கெம்பம்மாவும் கேட்கும்படி என் வாயாலேயே சொல்வேன். அவர்கள் என்ன சொன்னாலும் நின்று கேட்பேன். அதன் பிறகு வண்டியில் ஏறுவதும் ஏறாததும் அவர்கள் இஷ்டம்.

ஐந்தாவது டயரையும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கிறவரைக்கும் ஸ்டெப்னி மாட்டிய வண்டியில் அந்த லீவரைத் தொட விடமாட்டேன். இந்த வார்த்தையைத் தந்துவிட்டுத்தான் உன் கல்லறைக்கு மெழுகுவர்த்தி வாங்கப் போகிறேன்.

உன்னைக் கேட்காமல் விட்ட,
லூர்துவின் அண்ணன், உன் மச்சான்
சவரிமுத்து