வாசிப்பைக் கேட்டவர்

மாரிட் கண்ணு,

மக்ரோனி அடுப்பின்மேல் இருக்கிறது. பட்டாணியைப் பொறுக்கி நாய்க்குப் போடாதே. ஐந்து மணிக்கு வந்துவிடுவேன்.

வீட்டில் சத்தமாக வாசித்ததைக் குறிக்கும் உன் வாசிப்புத் தாளில், "யார் கேட்டார்கள்" என்ற கட்டத்தில் நீ தினமும் "அம்மா" என்று எழுதியிருந்தாய். அம்மா இறந்து ஒரு வருடமாகிறதே, டீச்சர் என்ன நினைப்பாரோ என்று அதை அடித்து என் பெயரைப் போட்டேன். அந்தக் கோபம் உனக்கு.

காலையில் ஹால்வர்சன் டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டார்:

"அவ அம்மா போட்டோவுக்குத்தான் வாசிச்சுக் காட்டுறா. நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப பொய் எழுதினது யாரு?" என்று சிரித்தார்.

தாளை வாங்கிவந்து திருத்திவிட்டேன். ஐந்து நாளும் அம்மாதான்.

அப்பா

பி.கு.: இன்றைக்கு வாசிக்கும்போது நானும் வரட்டுமா? அம்மா பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.