அட்டையின் பின்பக்கம்

17.10.83, திங்கள்

காலையிலிருந்து தூறல். அறுத்துப் போட்ட சாமை நனைந்துவிட்டது. பாதி வீட்டுக்குள், பாதி மாட்டுக் கொட்டகையில். உட்கார இடமில்லை.

பத்து மணிக்குத் தபால்காரர். பேத்தி பூங்காவனம் படிக்கிற இன்ஜினியரிங் காலேஜிலிருந்து கடிதம். முழுக்க இங்கிலீஷ். பள்ளிக்கூட வாத்தியாரிடம் எடுத்துப் போனேன். பூ.வுக்கு வருகை நாள் குறைவாம். வெள்ளிக்கிழமைக்குள் கார்டியன் நேரில் வந்து டியூட்டரைப் பார்க்காவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம். கார்டியன் நான்தான். அவள் அம்மா, என் மகள், போன பிறகு எல்லாத் தாளிலும் என் கையெழுத்து.

"டியூட்டர்னா இன்னா சார்?"

"ஒவ்வொரு வாத்தியாருக்கும் இருபது பிள்ளைங்களைப் பிரிச்சுக் குடுத்திருப்பாங்க பாட்டி. சேர்ந்த நாள்லேருந்து முடிக்கிற வரைக்கும் அவங்க படிப்பு, லீவு, கஷ்டம் எல்லாம் அவர்தான் பார்க்கணும். அவர் எழுதிக் குடுத்தாத்தான் பிரின்சிபால் அசைவாரு."

இருபது பேருக்கு ஓர் ஆள். நல்ல ஏற்பாடுதான். பார்க்கிறாரா என்று போய்த்தான் பார்க்க வேண்டும்.

18.10, செவ்வாய்

வெயில். சாமையை வெளியே எடுத்துப் பரப்பினேன். கோழிகளை விரட்டவே பாதி நாள்.

மகன் சின்னசாமி வந்தான். பூ.வுக்குத் தாய்மாமன். யோசனை சொல்வதில் கெட்டிக்காரன்.

"ஆலங்காயத்துல எனக்குத் தெரிஞ்ச கம்பவுண்டர் கீறாரு. டைபாய்டுன்னு ஒரு சீட்டு வாங்கிக்கினு போம்மா. வேலை முடிஞ்சிது."

"அவளுக்கு எப்படா காய்ச்சல் வந்துச்சு?"

"காய்ச்சல் வந்தாத்தான் சீட்டா? உலகம் தெரியாம பேசற."

"உலகம் தெரிஞ்ச நீ எட்டாவதுல மூணு தரம் உக்காந்தவன். போய்ட்டு மாட்டை அவுத்துக் கட்டு."

முறைத்துவிட்டுப் போனான்.

நடந்தது எனக்குத் தெரியும். ஆடி மாதம் மாரியம்மன் திருவிழாவுக்கு வா என்று நான்தான் ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினேன். எங்கள் வீட்டு மாவிளக்கை அவள் எடுக்க வேண்டும் என்று. வந்த அன்றே சாயங்காலம் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் ஊருக்குள் இருப்பவர்கள் எட்டு நாள் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. மறுநாள் பெட்டியோடு நின்றாள். "பாட்டி, நான் போவணும். லேப் இருக்குது." வழியை மறித்து நின்றவள் நான். அழுதாள். அப்போதும் நகரவில்லை.

அந்த எட்டு நாளும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் மலையிறங்க ஜீப் வராத திங்கட்கிழமைகளும் சேர்ந்துதான் இந்தக் கடிதம்.

நாளைக்கு எடுக்க வேண்டியது: கடிதம். கண்ணாடி. நீலப் புடவை. பூ.வுக்குத் தேன் ஒரு சீசா, தினை மாவு.

சீட்டு கிடையாது.

20.10, வியாழன்

வீடு வந்தேன். கால் வீங்கியிருக்கிறது. நேற்று நடந்தது, மறப்பதற்கு முன்:

முதல் ஜீப். ஆலங்காயத்தில் பஸ். பக்கத்தில் ஒரு அம்மாள் என் கையில் குத்தின பச்சையையும் மூட்டையையும் பார்த்துவிட்டு, "இன்னா பாட்டி, புளி விக்கப் போறியா?" என்றாள். "காலேஜுக்குப் போறேன்" என்றேன். அப்புறம் வாணியம்பாடி வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை கடைசி மணிதான் டியூட்டர் மணியாம். இருபது பிள்ளைகளும் வராந்தாவில் வரிசை. ஒவ்வொருவராக உள்ளே போய், அவரவர் பேர் போட்ட அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். ஓர் ஆளுக்கு ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பூ. கடைசி. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போயிற்று.

டியூட்டர் சார் சின்ன வயசு. சட்டைப் பையில் இரண்டு பேனா. உட்காரச் சொன்னார். மரியாதை தெரிந்தவர்தான். பெட்டியிலிருந்து பூ.வின் அட்டையை எடுத்தார்.

"அதுல எழுதினது எல்லாம் படிங்க சார். என் பேத்தியைப் பத்தித்தானே."

படித்தார். முதல் வருடம்: அதிகம் பேசுவதில்லை. இரண்டாம் வருடம்: டிராயிங் மிக நன்று. (இதைத் திரும்பப் படிக்கச் சொன்னேன்.) மூன்றாம் வருடம்: விடுப்பு, எட்டு நாள். காரணம், காய்ச்சல்.

காய்ச்சல்.

திரும்பிப் பார்த்தேன். பூ. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவளே சொல்லியிருக்கிறாள்.

"மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டாந்தீங்களாம்மா? அது இருந்தா நான் இன்னைக்கே எழுதிடுவேன்" என்றார் சார்.

தலையாட்டினால் போதும். சின்னசாமியை நினைத்தேன். இப்போதுகூட ஆலங்காயம் போய் வாங்கி வரலாம். உண்மையைச் சொன்னால் இவள் பொய்க்காரி. சொல்லாவிட்டால், நான் மறித்து நின்றதைக் காய்ச்சல் சுமக்கும்.

"காய்ச்சல் இல்ல சார். நான்தான் விடல." காப்பு, எல்லைக் கல் எல்லாம் சொன்னேன்.

சார் முகம் மாறிப்போயிற்று. "ஏம்மா எங்கிட்ட பொய் சொன்ன?"

"சிரிப்பாங்கன்னு சார்." அவ்வளவுதான் அவள் பேசியது.

அவர் அட்டையை என் பக்கம் திருப்பினார். "நோய்க்குத்தான் நான் சிபாரிசு எழுத முடியும். நீங்க சொல்றதுக்கு இதுல கட்டமே இல்லம்மா."

கோபம் வந்துவிட்டது. "கட்டம் இல்லேன்னா பின்னாடி எழுதுங்க. வெறுமையாத்தானே கெடக்குது. மூணு வருஷமா இந்தப் பொண்ணுக்கு நீங்க பொறுப்பு. புதனுக்குப் புதன் கையெழுத்து வாங்கிக்கினு கீறீங்க. உன் ஊரு எங்க, எப்படி வர்ற, எப்ப வர முடியாதுன்னு ஒரு தரம் கேட்டீங்களா? கேட்டிருந்தா அவ இன்னாத்துக்குப் பொய் சொல்றா?"

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

"கேட்கலம்மா" என்றார். பிறகு, "அடுத்த ஆடிக்கும் திருவிழா வருமே?"

"வருஷா வருஷம் வரும்."

"அப்ப?"

"எழுதிக் குடுக்கறேன் சார்" என்றேன். கைநாட்டு வைப்பேன் என்று நினைத்து அவர் இங்க் பேடை என் பக்கம் தள்ளினார். அதைத் தள்ளி வைத்துவிட்டு அவர் பையிலிருந்த பேனாவைக் கேட்டேன். அட்டையின் பின்பக்கம் எழுதியது: ஆடி மாதம் எட்டு நாள் என் பேத்தியை ஊரை விட்டு அனுப்பாதது நான். தவறு என்னுடையது. இனி திருவிழாவுக்குக் கூப்பிட மாட்டேன். கீழே என் கையெழுத்து, பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்று.

"பிரின்சிபால்கிட்ட கொண்டுபோறேன். உறுதி சொல்ல முடியாது" என்றார்.

ராத்தங்கல் ஹாஸ்டலில். பூ. போர்த்திப் படுத்துவிட்டாள். காலையில் ஒரே ஒரு கேள்வி. "எல்லார் காதுலயும் விழற மாதிரி இன்னாத்துக்குப் பாட்டி சொன்ன?" பஸ் ஏற்ற வரவில்லை. தேன் சீசாவை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

23.10, ஞாயிறு

சாமை குத்தினேன். தோள் வலி.

சின்னசாமி வாய் சும்மா இருக்குமா. ஊர்த் தலைவர், எங்கள் ஊர்க் கவுண்டர், என் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னா அத்தே, பொண்ணு இனி திருவிழாவுக்கு வரமாட்டான்னு காலேஜுல எழுதிக் குடுத்துட்டு வந்தியாமே?"

"ஆமா."

"உன் வூட்டு மாவிளக்கை யாரு எடுக்கறது?"

"நான்."

"கட்டினவன் போனவ எடுக்கற வழக்கம் இல்லியே."

"வழக்கத்துக்காவ ஒரு தரம் வழி மறிச்சேன். அது போதும். நான் எடுத்தா ஆத்தா வேணாம்னு சொல்லட்டும். நீ சொல்லாத."

"ஊர்ல பேசுவாங்க."

"பேசட்டும். பேசறவங்க வூட்ல ஒரு பொண்ணை இன்ஜினியருக்குப் படிக்க வச்சிட்டு வந்து பேசட்டும்."

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான் போனார்.

26.10, புதன்

தபால் இல்லை. இன்றைக்கு டியூட்டர் மணி. மூன்று மணிக்கு மேல் ஒரு வேலையும் ஓடவில்லை. பால் பொங்கிவிட்டது.

பரீட்சை போனால் அரை வருடம் போச்சு. அவள் திரும்பி வந்துவிடுவாளோ. வந்தால் விடமாட்டேன். இந்தத் தடவை மறு பக்கம் பார்த்து மறித்து நிற்பேன்.

31.10, திங்கள்

மூடுபனி. எதிர் வீடு தெரியவில்லை. தபால்காரர் குரல் மட்டும் முதலில் வந்தது.

பூ.விடமிருந்து கார்டு. தமிழில். பிரின்சிபால் கையெழுத்துப் போட்டாராம். சாரைக் கூப்பிட்டு அரை மணி கேள்வி கேட்ட பிறகு. ஹால் டிக்கெட் வந்துவிட்டது. தீபாவளிக்கு வரமாட்டாளாம், படிக்க வேண்டும். போன புதன்கிழமை டியூட்டர் மணி சாயங்காலம் ஆறு வரை போனதாம். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, ஊர் எது, எப்படி வருகிறாய், எப்போது வர முடியாது என்று கேட்டு அட்டையின் பின்பக்கம் எழுதினாராம். பசியில் எல்லாரும் என்னைத் திட்டினார்களாம்.

கடைசி வரி: தேன் தீர்ந்துவிட்டது பாட்டி.

சின்னசாமியைக் கூப்பிட்டு இரண்டு தரம் படித்துக் காட்டினேன்.

பரணிலிருந்து மாவிளக்குத் தட்டை இறக்கினேன். ஒரே களிம்பு. புளி போட்டுத் தேய்த்தேன். ஆடிக்கு இன்னும் ஒன்பது மாதம். இருக்கட்டும். பனி விலகியதும், போகிறவர் வருகிறவர் பார்க்கிற மாதிரி வாசலில் வெயிலில் வைத்திருக்கிறேன்.