எங்கள் அறையில் ஒரு சிலை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அது தனிக்குடித்தனம் போன மாதிரி யார் சொல்லையும் கேட்பதில்லை. நீ இளைத்துவிட்டாய் என்று அக்கா சொல்கிறாள், வேளைக்குச் சாப்பிடு.

குப்பை அள்ளுகிற எங்களைக் கௌரவிக்கக் குப்பையிலேயே சிலை செய்திருக்கிறார்கள், பக்கத்தில் அம்மா நிற்கிறாள், பெருமையாக இருக்கிறது என்று அந்தப் படத்தை ஆபீஸ் முழுக்க அனுப்பினாயாமே. படத்தில் தெரியாததைச் சொல்கிறேன். அது நிற்பது நாங்கள் உடை மாற்றுகிற அறையில். குப்பை வண்டிகள் நிறுத்துமிடத்தில் குழாயும் தாழ்ப்பாளும் உள்ள அறை பெண்களுக்கு அது ஒன்றுதான், அதற்காக எத்தனை வருஷம் அலைந்தோம் என்று உனக்கே தெரியும். சிலை செய்ய வந்த தாடிக்காரப் பிள்ளை, வெளிச்சம் நன்றாக விழுகிறது, கொஞ்ச நாள் கொடுங்கள் அக்கா என்று கேட்டது. அக்கா என்றதில் மயங்கிக் கொடுத்துவிட்டோம். சிலை வளர்ந்து கதவைவிட அகலமாகிவிட்டது. இனி பிரித்தால்தான் வெளியே வரும், பிரித்தால் கலை போய்விடுமாம். மேற்பார்வையாளர் எங்கள் வாளிகளையும் பைகளையும் வெளியே தூக்கி வைத்துவிட்டார்.

திறந்துவைக்க வந்த பெரிய அதிகாரி எங்களைத் தாய் என்றார், தெய்வம் என்றார், நகரத்தின் நுரையீரல் என்றார். என்னோடு வண்டியில் வருகிற வாயாடி, நுரையீரல் எங்கே போய் உடை மாற்றுவது என்று கேட்டதற்கு, அதெல்லாம் அப்புறம் பேசலாம் என்றார். சிலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்களுக்குத் தூரத்திலிருந்து கையசைத்தார்.

அப்புறம் லாரிக்கும் சுவருக்கும் நடுவில், ஒருத்தி துணியைப் பிடிக்க ஒருத்தி மாற்றினோம். ஓட்டுநர்கள் பாவம், வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் நல்ல மழை. வாயாடி, நம்மைக் கௌரவிக்கத்தானே நிற்கிறது, கொஞ்சம் நகர்ந்து நிற்கட்டும் என்று உள்ளே போனாள், நாங்களும் போய்த் தாழ் போட்டோம். துணி காயப்போடக் கொடி கட்டியிருந்த இடத்தில்தான் சிலை நிற்கிறது, அதனால் நனைந்த சீருடைகளை அதன் நீட்டிய கைகளிலேயே காயப்போட்டோம். கதவைத் திறந்ததும் மேற்பார்வையாளர் வந்து குதித்தார், எல்லோரையும் வேலையை விட்டு நிறுத்துவேன் என்றார். நான் என் சட்டையை எடுக்கப் போனேன்.

அந்த நேரம் பார்த்துத் தாடிக்காரப் பிள்ளை விருந்தாளிகளோடு வந்தது. என் சட்டை தொங்குவதைப் பார்த்ததும் அதற்குக் கண் கலங்கிவிட்டது. "இது எனக்குத் தோணவே இல்லக்கா. இப்பதான் சிலைக்கு உயிர் வந்திருக்கு, எதையும் எடுக்காதீங்க" என்றது. வாயாடி சும்மா இருப்பாளா. "துணி காஞ்சா உயிர் போயிடுமே தம்பி. நாங்க தினமும் வந்து ஈரத்துணி போடுறோம், கதவ மட்டும் உள்ள தாழ் போட்டுக்கணும்" என்றாள். விருந்தாளிகள் ஆகா என்றார்கள். மேற்பார்வையாளரும் ஆகா என்றார்.

இப்போது சிலையும் வாளியும் எங்கள் துணியும் ஒரே கலைப்படைப்பு, தொடக்கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். மனுஷிகள் கேட்டபோது கிடைக்காத அறை, சிலைக்கு உறுப்பானதும் கிடைத்துவிட்டது. நீ யார் யாருக்குப் படம் அனுப்பினாயோ அவர்களிடம் இதையும் சொல். கௌரவம் எப்படியோ, துணி நன்றாகக் காய்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருப்பாய். ஒன்றை மறக்காதே, உடைந்த கண்ணாடியை அப்படியே தொட்டியில் போடாமல் தாளில் சுற்றிப் போடு. அங்கே அள்ளுகிறவளும் யாருக்கோ அம்மா.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா